மெயின் பிரேக்கருக்கு முன்னால் சூரிய மின் இணைப்பு

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் வீட்டின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி முடித்த மறுவாரம் நகராட்சியின் மின் ஆய்வாளர் வந்தார். மீட்டருக்கு அருகே புதிதாக மாட்டியிருந்த 60 ஆம்பியர் டிஸ்கனெக்ட், அதாவது சூரிய இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கினார், கதவைத் திறந்தார், உள்ளே இருந்த இரண்டு பியூஸ்களிலும் டெஸ்டரின் முனைகளை வைத்தார். கைப்பிடி ஆஃப் நிலையில் இருந்தும் டெஸ்டர் 240 வோல்ட் காட்டியது. "தெருவிலிருந்து வருகிற கம்பியை எந்த முனையில் கட்டியிருக்கிறீர்கள்?" என்று ஒப்பந்தக்காரரின் ஆளைக் கேட்டார். அவர் பெட்டியின் அடியில் இருந்த முனைகளைக் காட்டினார். மின்சாரத்தை உற்பத்தி செய்வது சூரியத் தகடு என்பதால், 'லைன்' என்று எழுதியிருக்கும் மேல்முனைக்கு, தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் கம்பிதான் போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆய்வாளர் விவாதிக்கவில்லை, சிவப்புச் சீட்டை எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

தொழிலால் மின் பொறியாளனாக இருந்தும், வீட்டு மின் இணைப்பு விதிகளை அதுவரை நான் ஊன்றிப் படித்ததில்லை. அந்தச் சீட்டு என்னைப் படிக்க வைத்தது. இங்கே என்.இ.சி. என்று எல்லோரும் குறிப்பிடும் தேசிய மின் விதித்தொகுப்பை என்.எஃப்.பி.ஏ. என்னும் தீத்தடுப்புச் சங்கம் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தி வெளியிடுகிறது. எந்தப் பதிப்பு எந்த ஊரில் நடைமுறைக்கு வரும் என்பதை மாநிலங்களும் நகராட்சிகளும் தனித்தனியே முடிவு செய்கின்றன. சூரிய மின்சாரத்துக்கென்று 690ஆம் பிரிவு 1984ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டு மின்சாரத்தோடு அதை எந்த இடத்தில் சேர்க்கலாம் என்ற கேள்விக்கு விடை 705ஆம் பிரிவில் இருக்கிறது.

முதலில், சூரிய மின்சாரத்தை மெயின் பிரேக்கருக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய தேவை ஏன் வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பேனலில், அதாவது வீட்டின் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் பெட்டியில், அவற்றுக்கு மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டையான பஸ்பார் 200 ஆம்பியர், வீட்டுக்குள் வரும் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் மெயின் பிரேக்கரும் 200 ஆம்பியர். இந்தப் பேனலுக்குள்ளேயே ஒரு பிரேக்கர் வழியாகச் சூரிய மின்சாரத்தைச் செலுத்தினால் அதற்கு லோடு பக்க இணைப்பு என்று பெயர். அப்போது பஸ்பாருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மின்னோட்டம் வருகிறது. மெயினிலிருந்து 200, சூரியனிலிருந்து மேலும் சில பத்து ஆம்பியர். வீட்டின் சுமை இரண்டின் கூட்டுத்தொகையை எட்டினாலும் எந்தப் பிரேக்கரும் விழாது, ஆனால் பஸ்பார் தன் அளவுக்கு மீறிச் சூடாகும். இதைக் கட்டுப்படுத்தத்தான் 120 சதவீத விதி இருக்கிறது: இன்வெர்ட்டர் மின்னோட்டத்தின் 125 சதவீதமும் மெயின் பிரேக்கரின் அளவும் சேர்ந்து பஸ்பார் அளவின் 120 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; சூரிய பிரேக்கர், மெயினுக்கு நேர் எதிர் முனையில் இருக்க வேண்டும். 200 ஆம்பியர் பஸ்பாருக்கு 240 என்றால், மெயின் போக மிஞ்சுவது 40 மட்டுமே. எங்கள் இன்வெர்ட்டர் 11.4 கிலோவாட், 240 வோல்ட்டில் அது 47.5 ஆம்பியர், அதன் 125 சதவீதம் ஏறத்தாழ 59.4. கணக்கு இடிக்கிறது.

மெயின் பிரேக்கரை 175 ஆம்பியராகக் குறைத்தால் 65 ஆம்பியர் இடம் கிடைக்கும், அத்துடன் வேலை முடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சொல்வது சரிதான். வீட்டின் சுமைக் கணக்கு இடம் கொடுக்குமானால் நானே அதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அதைவிட மலிவான, தொந்தரவு குறைந்த வழி கிடையாது. எங்கள் வீட்டிலோ மின்கார் சார்ஜரும் மின் அடுப்பும் வெப்ப பம்பும் சேர்ந்து அந்தக் கதவை அடைத்துவிட்டன. ஆகவே மீட்டருக்கும் மெயின் பிரேக்கருக்கும் இடையே ஓடும் கம்பியில் சேர்ப்பது என்று முடிவானது. இதுதான் சப்ளை பக்க இணைப்பு. விதித்தொகுப்பின் 230.82 இதை அனுமதிக்கிறது. 2020 பதிப்பிலிருந்து இதற்கான விதிகள் 705.11இல் தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. இங்கே 120 சதவீத விதிக்கு வேலை இல்லை. பேனலுக்குள் எவ்வளவு மின்சாரம் நுழைந்தாலும், அது தெருவிலிருந்து வந்தாலும் கூரையிலிருந்து வந்தாலும், 200 ஆம்பியர் மெயின் பிரேக்கரைக் கடந்துதான் நுழைய வேண்டும் என்பதால் பஸ்பார் பாதுகாப்பாக இருக்கிறது. இதற்குப் பதிலாகக் கேட்கப்படுவது, சூரிய மூலங்களின் மொத்த அளவு சர்வீஸின், அதாவது தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின் இணைப்பின், அளவைத் தாண்டக் கூடாது என்பது. 200க்கு எதிரே எங்கள் 60 ஒரு பொருட்டே இல்லை.

இதுவரை கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. சிக்கல், இந்த இணைப்பை எல்லோரும் 'லைன் சைடு டேப்' என்று அழைப்பதில் தொடங்குகிறது. டேப் என்ற சொல்லுக்கு விதித்தொகுப்பில் தனி வரையறை இருக்கிறது: ஏற்கெனவே ஒரு பியூஸோ பிரேக்கரோ காக்கும் கம்பியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றைக் கிளை பிரிப்பதுதான் டேப். அதற்கான 10 அடி, 25 அடி விதிகள் 240.21இல் இருக்கின்றன; பல ஒப்பந்தக்காரர்களின் மனத்தில் பதிந்திருப்பதும் அவைதான். ஆனால் மெயினுக்கு முன்னால் உள்ள கம்பியை வீட்டுப் பக்கத்தில் எந்தப் பிரேக்கரும் காக்கவில்லை. அதற்கு மேலே இருப்பது மின்மாற்றியின் உயர் அழுத்தப் பக்கத்து பியூஸ் ஒன்றுதான், அது மின்மாற்றியைக் காக்க வைக்கப்பட்டது, உங்கள் கம்பியை அல்ல. அந்தக் கம்பியில் ஷார்ட் ஆனால், கம்பியே எரிந்து அற்றுப்போகும் வரை தீப்பொறி நிற்காமல் போகலாம். எனவே நாம் செய்வது டேப் அல்ல, வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு சர்வீஸ் அமைப்பதற்கு ஒப்பான வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் 705.11இன் ஒவ்வொரு வரியும் தானாகவே விளங்கும் என்பது என் அனுபவம்.

கம்பியின் குறைந்தபட்சப் பருமன் 6 கேஜ் செம்பு அல்லது 4 கேஜ் அலுமினியம்; கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது. ஒரு சிறிய இன்வெர்ட்டருக்கு 10 கேஜ் கம்பியே போதும் என்று கணக்கு சொன்னாலும், பியூஸ் வரையிலான பகுதிக்கு அது செல்லாது. மெல்லிய கம்பி ஷார்ட்டின் சூட்டைத் தாங்காது என்பதுதான் காரணம். தூரத்துக்கும் வரம்பு உண்டு. இணைப்பு கட்டடத்துக்குள் இருந்தால், குடியிருப்புகளில் 10 அடிக்குள்ளும் மற்றக் கட்டடங்களில் 16.5 அடிக்குள்ளும் பியூஸோ பிரேக்கரோ வந்துவிட வேண்டும். இந்த அடிக்கணக்கு கம்பியின் நீளத்துக்கானது, சுவரில் அளவுநாடாவை நீட்டி அளக்கும் நேர்த்தூரத்துக்கானது அல்ல. பெட்டிக்குள் வளைத்துச் சுற்றிவிட்ட இரண்டடியும் அதில் சேரும்.

அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, அந்த பியூஸ் அல்லது பிரேக்கர் எவ்வளவு பெரிய ஷார்ட் மின்னோட்டத்தைப் பாதுகாப்பாகத் துண்டிக்க வல்லது என்பது. 110.9 இதைக் கேட்கிறது. ஒரு 50 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியை எடுத்துக்கொண்டால், 240 வோல்ட்டில் அதன் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 208 ஆம்பியர். அதன் மின்மறுப்பு 1.5 சதவீதமானால் அதன் முனையிலேயே ஷார்ட் ஆகும்போது ஓடக்கூடியது கிட்டத்தட்ட 13,900 ஆம்பியர். கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டுப் பிரேக்கரின் துண்டிப்புத் திறன் 10,000 ஆம்பியர்தான். இடையில் உள்ள கம்பியின் நீளம் இந்த எண்ணைக் குறைக்கும் என்றாலும், மின்மாற்றி வீட்டை ஒட்டியே இருந்தால் அதை நம்ப முடியாது. ஜே வகை பியூஸ்களோ 2,00,000 ஆம்பியர் வரை துண்டிக்கக்கூடியவை. மெயினுக்கு முன்னால் பிரேக்கரை விட பியூஸ் பெட்டியையே நான் விரும்புவது இதனால்தான்.

நியூட்ரல் விஷயத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் கருத்து வேறுபாடு இருந்தது. மெயின் பேனலில், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியும் பாதுகாப்புக்கான கிரவுண்டு கம்பியும் இணைக்கப்பட்டிருக்கின்றன. புதிய டிஸ்கனெக்ட் பெட்டியிலும் அவற்றை இணைக்க வேண்டுமா, அல்லது துணைப் பேனலில் செய்வதுபோல் பிரித்தே வைக்க வேண்டுமா? 2020 பதிப்பில் சேர்ந்த 250.25, சர்வீஸ் பெட்டிக்கு உள்ள விதியே இதற்கும் என்று தெளிவுபடுத்தியது. அதாவது, பெட்டியின் உலோக உடலை நியூட்ரலுடன் இணைக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் உள்ள உயிர்க்கம்பி பெட்டியின் உடலைத் தொட்டுவிட்டால், அந்த மின்னோட்டம் மின்மாற்றிக்குத் திரும்பத் தடையில்லாத பாதை வேண்டும்; மெயினுக்கு முன்னால் அந்தப் பாதை நியூட்ரல் மட்டுமே. ஆனால் அந்தப் பெட்டியைத் தாண்டி இன்வெர்ட்டர் பக்கம் போனவுடன் நியூட்ரலும் கிரவுண்டும் பிரிந்தே ஓட வேண்டும். எங்கள் வேலையில் ஒப்பந்தக்காரர் பச்சை நிற இணைப்புத் திருகை உறையோடு பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்திருந்தார். அதுவும் சீட்டில் இரண்டாவது குறையாக ஏறியது.

கம்பியை எங்கே எப்படிச் சேர்ப்பது என்பதில் விதியைவிட உங்கள் வீட்டுப் பெட்டியின் அமைப்பே அதிகம் தீர்மானிக்கும். மீட்டரும் மெயினும் ஒரே பெட்டியில் தொழிற்சாலையிலேயே பஸ்பாரால் இணைக்கப்பட்டு வந்திருந்தால், இடையில் தொடுவதற்குக் கம்பியே இருக்காது. பஸ்பாரில் துளையிட்டு, கம்பியைப் பிடிக்கும் லக்கைத் திருகுவது, அந்தப் பெட்டி பெற்ற பாதுகாப்புச் சான்றை அந்த நொடியே இழக்கச் செய்யும் காரியம். உற்பத்தியாளர் அதற்கென்றே செய்த உதிரிப்பாகம் இருந்தாலன்றி அதைச் செய்யக் கூடாது. மீட்டர் பெட்டிக்குள் யாரும் கை வைக்கவே கூடாது என்று தடுக்கும் மின் நிறுவனங்களும் உண்டு, ஆகவே விதித்தொகுப்பு அனுமதிக்கிறது என்பது மட்டும் போதாது. எங்கள் வீட்டில் மீட்டரும் பேனலும் தனித்தனியாக இருந்ததால், பேனலின் மேல்பகுதியில் காப்புறையைத் துளைத்துப் பற்றும் இணைப்பிகளைப் பயன்படுத்த முடிந்தது. அதற்கும் மின் நிறுவனம் வந்து மீட்டரைக் கழற்றித் தர வேண்டியிருந்தது. மெயினை அணைத்தால் அந்தக் கம்பிகள் செத்துவிடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் கம்பியில் அந்த இணைப்பியை மாட்டலாம் என்று எந்தக் காணொளி காட்டினாலும் வீட்டுக்காரர் அதை முயலக் கூடாது.

இப்போது முதல் குறைக்கு வருகிறேன். பியூஸ் பெட்டியின் உள்ளே மேலிருந்து கீழாக லைன் முனை, கத்தி போன்ற சுவிட்ச் தகடு, பியூஸ், லோடு முனை என்ற வரிசை இருக்கிறது. லைன் முனைகளுக்கு மட்டும் மறைப்புத் தகடு உண்டு, ஏனென்றால் கைப்பிடியை இறக்கிய பிறகும் அவை உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்த்தே பெட்டி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தெருக்கம்பியின் மின்சாரம் நின்ற பின் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும், யு.எல். 1741 என்னும் பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற எந்த இன்வெர்ட்டரும் அப்படித்தான் நடந்துகொள்ளும். எனவே எப்போதும் உயிரோடு இருக்கக்கூடிய பக்கம் தெருப் பக்கம்தான், மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் போக வேண்டியதும் அதுதான். மின்சாரத்தை யார் உற்பத்தி செய்கிறார்கள் என்பது இதில் கேள்வியே அல்ல. தலைகீழாகக் கட்டிய எங்கள் பெட்டியில், பியூஸ் மாற்ற வருபவர் கைப்பிடியை இறக்கிவிட்டு நம்பிக்கையோடு கையை நீட்டும் இடத்தில் 240 வோல்ட் காத்திருந்தது.

ஒப்பந்தக்காரர் மின் நிறுவனத்தை மறுபடியும் வரவழைத்து, மீட்டரைக் கழற்றச் செய்து, கம்பிகளை மாற்றிக் கட்டி, பச்சைத் திருகையும் முறுக்கினார். மெயின் பேனலின் மேல், வீட்டுக்கு இரண்டு மின் மூலங்கள் உண்டு என்றும் இரண்டாவது டிஸ்கனெக்ட் எங்கே இருக்கிறது என்றும் காட்டும் அறிவிப்புப் பலகையையும் பொருத்தினார்; 705.10 கேட்கும் அந்தப் பலகை முதல் முறை காகிதத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பதினொரு நாள் கழித்து அதே ஆய்வாளர் வந்தார். கைப்பிடியை இறக்கி, கதவைத் திறந்து, டெஸ்டரை முதலில் மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் உள்ள முனைகளில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு பியூஸ்களின் மேல் வைத்தார். சுழி காட்டியது. சிவப்புச் சீட்டைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பச்சைச் சீட்டை அதே இடத்தில் ஒட்டினார்.