கிண்ணம் எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள்

சேலத்து வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியில் எடுத்த டியூனைட் என்ற பாறையின் மாதிரிகளை, எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் பரிசோதனைக்காக அரைக்க வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியவை குரோமியம், நிக்கல், கோபால்ட் அளவுகள். கிண்ணத்துக்குள் வளையம் உருண்டு பாறையைப் பொடியாக்கும் ரிங் மில் எங்கள் துறையில் கிடையாது. வெளியே ஒரு கருவி மையத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தேன். கழுவியது, 105 டிகிரியில் உலர்த்தியது, சிறு துண்டுகளாக உடைத்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

ரிங் மில்லில் மாதிரி மட்டும் அரைபடுவதில்லை. கிண்ணமும் உள்ளே உருளும் வளையமும் கூடவே தேய்கின்றன. குரோம் ஸ்டீல் என்றால் இரும்பும் குரோமியமும் பொடியில் சேரும். டங்ஸ்டன் கார்பைடு என்றால் டங்ஸ்டனோடு, அதைப் பிணைத்திருக்கும் கோபால்ட்டும் சேரும். நான் தேடிப்போன தனிமத்தை இயந்திரமே தாராளமாகக் கலந்து கொடுத்தால் பிறகு எதை அளப்பது? எனக்கு ஏற்றது அகேட் என்ற கல்லில் செய்த கிண்ணம். அந்தக் கல் கிட்டத்தட்ட முழுவதும் சிலிக்கா. ஆனால் மெதுவாகத்தான் அரைக்கும், அடிபட்டால் விரிசல் விடும். அதனாலேயே அதை அலமாரியை விட்டு வெளியே எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

விண்ணப்பத்தில் கிண்ணத்தின் வகையை எழுத இடமே இல்லை. அகேட் வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அலமாரிச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார், வந்ததும் அரைத்துத் தருகிறோம் என்றார்கள். சொன்ன நாளில் போனால் எல்லாப் பொட்டலங்களும் தயார்! "டங்ஸ்டன் கார்பைடிலேயே போட்டுவிட்டோம் தம்பி. இரண்டே நிமிடம். எவ்வளவு நைசாக வந்திருக்கிறது பாருங்கள்" என்றார் பொறுப்பாளர். உண்மையில் மிக நைசாகத்தான் இருந்தது. கோபால்ட் கணக்குக்குத்தான் உதவாது. அதைச் சொன்னதற்கு, "கிண்ணத்திலிருந்து என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது?" என்று கேட்டார்.

வாதாடிப் பயனில்லை. நல்ல வேளையாக, மாதிரிகளோடு சுத்தமான குவார்ட்ஸ் (வெறும் சிலிக்காவாலான கனிமம்) துண்டுகள் அடங்கிய பொட்டலம் ஒன்றையும் எண் போட்டுக் கொடுத்திருந்தேன். அதையும் அதே கிண்ணத்தில் அரைத்திருந்தார்கள். அந்தப் பொடியை எக்ஸ்ஆர்எஃப்பில் வைத்தபோது டங்ஸ்டனும் கோபால்ட்டும் பளிச்சென்று வந்தன. குவார்ட்ஸில் அவற்றுக்கு என்ன வேலை? அச்சிட்ட அறிக்கையை மேசையில் வைத்தேன். அலமாரி அன்றே திறந்தது, மறுகட்டணமும் கேட்கவில்லை. யார் என்ன சொன்னாலும் அந்தக் குவார்ட்ஸ் பொட்டலம் இல்லாமல் எந்த மையத்துக்கும் போகாதீர்கள்.

இரண்டாம் முறை நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு மாதிரி முடிந்ததும் குவார்ட்ஸ் மணலை அரைத்துக் கொட்டி, எத்தனாலால் துடைக்க வேண்டும். அடுத்த மாதிரியில் கொஞ்சம் போட்டு அரைத்து அதையும் எறிந்த பிறகே உண்மையான பங்கை இட வேண்டும். மாதிரி குறைவாக இருந்தால் எறிய மனம் வராது, எறியத்தான் வேண்டும். பொடி சுவரில் அப்பிக்கொண்டால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை; நிறுத்திச் சுரண்டிவிட்டுத் தொடர வேண்டும். ஈரமான அகேட் கிண்ணத்தை அவசரத்துக்கு அடுப்பில் வைக்கப் போனார் உதவியாளர். திடீர்ச் சூட்டில் அது வெடித்துவிடும் என்று தடுத்து, காற்றிலேயே உலரவிட்டோம்.

கடைசியில் 75 மைக்ரானுக்குச் சலிக்க அவர்கள் நீட்டியது பித்தளைச் சல்லடை. அதிலிருந்து செம்பும் துத்தநாகமும் வரும். என் பட்டியலில் அவை இல்லை என்றாலும், பையிலிருந்த நைலான் சல்லடையை எடுத்துக்கொண்டேன். உங்களுடையதையும் கையோடு கொண்டுபோங்கள், கேட்டால் கிடைக்காது.