எந்த வீட்டுப் பொறி?

நாங்கள் வைத்த பொறியில் விழுந்த ஒரு கொசுவில் டெங்கு வைரஸ் தெரிந்ததைப் போனில் சொன்னதும், "எந்த வீட்டுப் பொறி?" என்று அவர் கேட்டார். "தெருவைச் சொல்கிறேன் சார், சுற்றி 150 மீட்டர் பார்த்துவிடுங்கள்" என்றேன். "தெரு இருக்கட்டும்ங்க, ட்ராப் ஒரு வீட்டில்தானே இருக்கு, அந்த வீட்டைச் சொல்லுங்க." "வீட்டைச் சொல்வது சரியாக வராது சார்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, தெருவை அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். கொசு ஒழிப்புப் பொறுப்பில் இருப்பவர், அன்றே ஆட்களை அனுப்ப வேண்டியவர். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்தக் கொசு மற்ற கொசுக்களோடு சேர்ந்து ஒரே குழாயில் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வழக்கமாகப் பொறியில் விழுந்த புலிக்கொசுக்களை (டெங்கு பரப்பும், வெள்ளைக் கோடு போட்ட கொசு) ஐஸ் தட்டில் வைத்து இனம் பிரித்து, இருபத்தைந்து ஐம்பது என்று ஒரு குழாயில் போட்டு அரைத்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை ஓட்டுவோம். பெரும்பாலும் நெகட்டிவ்தான். பாசிட்டிவ் வந்தாலும் அந்தக் குழாயில் ஒரு கொசுவுக்காவது வைரஸ் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அதில் எந்த மனிதரும் இல்லை.

ஆனால் இந்தக் கொசுவின் வயிறு சிவப்பாக உப்பியிருந்தது. எங்கள் பொறி மனித வாடையைக் காட்டி இழுப்பது, பசியோடு அலையும் கொசுதான் அதில் அதிகம் விழும். ரத்தம் குடித்த கொசு கிடைப்பது அபூர்வம். பிரித்துக்கொண்டிருந்த தம்பி, "இதையும் மத்ததோட சேர்த்துப் போட்டுடவா, தனியா வைக்கவா?" என்று கேட்டான். தனியாக வை என்றேன். குடித்த ரத்தத்தில் வைரஸ் இருந்தால் அது கொசுவுக்குத் தொற்றியதா, கடிபட்டவருடையதா என்று குழம்பும் என்பதால் இப்படிப் பிரிப்பது வழக்கம். அவன் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே நுனி மெலிந்த இடுக்கியால் ஆறு கால்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு குழாயிலும், வயிற்றை இன்னொரு குழாயிலும் போட்டான். வயிற்றில் டெங்கு பாசிட்டிவ். கால்களில் இல்லை.

கொசுவின் குடலைத் தாண்டி உடம்பெங்கும் வைரஸ் பரவியிருந்தால்தான் கால்களில் தெரியும், அதற்குச் சில நாட்களாவது ஆகும். இங்கே கால் சுத்தம், ரத்தமோ கறுக்காமல் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அப்படியென்றால் பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் அது கடித்த யாரோ ஒருவருடைய ரத்தத்தில் டெங்கு இருந்திருக்க வேண்டும். கையில் இருந்தது கொசுக் கண்காணிப்பு அறிக்கைதான், ஆனால் உண்மையில் அது ஒரு மனிதரின் ரத்தப் பரிசோதனை முடிவு. அந்த மனிதரை யாரும் கேட்கவில்லை. பொறி வைக்க இடம் கொடுத்த வீட்டுக்காரர் கொசு பிடிக்கத்தான் சம்மதித்தார். கொசுவின் வயிற்றிலிருக்கும் ரத்தத்தை வைத்து யாரைக் கடித்தது என்று இரண்டு நாள் வரைகூட டிஎன்ஏ மூலம் அடையாளம் காண முடியும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் காட்டியிருக்கிறார்கள். நாங்கள் அந்தச் சோதனை செய்வதில்லை. ஆனாலும் வீட்டு எண்ணைச் சொல்வது அந்தப் பாதையில் ஒரு அடி வைப்பதுதான் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

வேறு நியாயமும் உண்டு. கொசு வீட்டு எல்லை பார்ப்பதில்லை, அடுத்த வீட்டில் குடித்துவிட்டு இங்கே வந்து விழுந்திருக்கலாம். ஒரு வீட்டைச் சொன்னால் அந்த வீட்டைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள், மற்ற வீடுகளுக்குக் கணக்குக்காகப் போய் வருவார்கள், இதைப் பார்த்திருக்கிறேன். தெரு முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதுதான் வேலை என்னும்போது வீட்டு எண் எதற்கு?

இப்படிச் சொல்லி முடித்த கையோடு 2007 ஞாபகம் வரும். இத்தாலியில் ரவென்னா பக்கத்துச் சிற்றூர்களில், இந்தியாவிலிருந்து வந்து அங்கே காய்ச்சலில் விழுந்த ஒரே ஒரு பயணியிலிருந்து புலிக்கொசு வழியாக இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிக்குன்குனியா பரவியது. டெங்குவில் கொசு ரத்தம் குடித்து 8 முதல் 12 நாளுக்குள் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடும். அந்த இடைவெளி ஒன்றுதான் நம் கையில் இருப்பது. அதில் அந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டியதைக் குறைத்துக் கொடுக்க நான் யார்? அவருக்கும் ரகசியம் காக்கும் கடமை உண்டுதானே? வீட்டைத் தெரிந்துகொண்டு பக்குவமாக நடந்திருக்கவும் கூடும். அப்படி நடக்கமாட்டார் என்று நினைக்க அவர் எனக்கு ஒரு காரணமும் தந்ததில்லை.

ஆட்கள் போனார்கள். தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டதில் யாரும் இருக்கிறது என்று சொல்லவில்லை. அதற்கடுத்த வாரங்களில் அங்கே நோயாளி என்று யாரும் பதிவாகவில்லை. "பாருங்க, நீங்க செஞ்சது சரிதான்" என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. டெங்கு தொற்றிய நாலு பேரில் மூன்று பேருக்கு அறிகுறி பெரிதாகத் தெரியாது. தெரியாதவரிடமிருந்தும் கொசுவுக்குப் போகும். புதிதாக நுழைந்த வைரஸ் பல நேரம் நாம் ஒன்றும் செய்யாமலே அணைந்துபோகும். இந்த அமைதியை வைத்து என்னைச் சரி என்றும் சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது.

நான் பதில் சொல்லத் திணறியது தம்பி கேட்டதற்குத்தான். "அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாமாண்ணா? முதல் தடவை தெரியாமலே போயிடும், இரண்டாவது தடவை வேற வகை டெங்கு வந்தாதானே ஆபத்து அதிகம்?" அவன் சொல்வது சரி. வேறொரு வகை வைரஸால் இரண்டாம் முறை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல், முதலில் ஒன்று வந்து போனது தெரிந்தவர் அடுத்த காய்ச்சலில் சீக்கிரம் மருத்துவமனைக்குப் போவார். அதிகாரியிடமிருந்து மறைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயத்தை, உரியவரிடமிருந்தும் சேர்த்தே மறைத்திருக்கிறேன். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த வீட்டில் இருப்பவர்களில் ஒருவரா, பக்கத்து வீட்டாரா, அன்றைக்கு வந்துபோன விருந்தாளியா?

பொறிக்கான சம்மதப் படிவத்தில் "இப்படி ஏதாவது தெரிய வந்தால் உங்களுக்குச் சொல்லலாமா" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்கிறான் தம்பி. வீட்டுக்காரர் சரி என்று கையெழுத்துப் போடுவார், அந்த ரத்தம் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் அந்தச் சம்மதத்தால் என்ன பயன் என்று நான் கேட்கிறேன். படிவம் இன்னும் பழையபடியேதான் இருக்கிறது.