தங்கம் மட்டும் இட்ட தட்டு

ஒயின் சிவப்பில் பளிச்சென்றிருந்த தங்க நானோ துகள் கரைசலை, சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) சேர்க்காத செல் வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றினேன். சில நிமிடங்களில் அது ஊதாவாகிவிட்டது. ஊடகத்தில் உள்ள உப்பு, அந்த நுண்ணிய துகள்களை விலக்கி நிறுத்தியிருந்த மின்னூட்டத்தை மறைத்துவிட்டதால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டன. ஆய்வு மாணவனாக நான் சந்தித்த முதல் தோல்வி அது.

துகள்களைத் தயாரிப்பது அவ்வளவு கடினமன்று. 1951-இல் டர்கெவிச் குழுவினர் தந்த முறைதான்: கொதிக்கும் குளோரோ ஆரிக் அமிலத்தில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், இளமஞ்சள் வெளுத்து, கருத்து, பிறகு சிவக்கும். குடுவைகளை இராஜ திராவகம் என்னும் கடும் அமிலக் கலவையில் கழுவியிருக்க வேண்டும், அவ்வளவே. திரளாமல் காக்க பாலி எத்திலீன் கிளைக்கால் பூச வேண்டியிருந்தது. பூச்சு கூடினால் செல்லுக்குள் துகள் நுழைவது குறைகிறது. சரியான அளவைக் கண்டறியவே மூன்று மாதங்கள் போயின.

இத்தனை பாடும் எதற்காக? தங்கம் புகுந்த புற்றுச் செல்லைக் கதிர் இன்னும் வலுவாகத் தாக்கும் என்ற நம்பிக்கையில். தங்கத்தின் அணு எண் 79. கிலோவோல்ட் எக்ஸ் கதிர்களை அது மென்திசுவைவிடப் பல மடங்கு உறிஞ்சி, எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. அவற்றில் பல மிக அருகிலேயே ஆற்றலை இறக்கிவிடுகின்றன. 2004-இல் ஹெயின்ஃபெல்ட் குழுவினர், மார்பகப் புற்றுக்கட்டி வளர்ந்த சுண்டெலிகளுக்கு 1.9 நானோமீட்டர் தங்கத் துகள்களைச் செலுத்தி எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் 86 சதவீதம் உயிருடன் இருந்தன. கதிர் மட்டும் பெற்றவற்றில் 20 சதவீதம். என்னை இத்துறைக்கு இழுத்து வந்தது அந்த முடிவுதான்.

என் சோதனையில் ஹீலா என்னும் மனிதப் புற்றுச் செல்களைத் துகள்களோடு ஒருநாள் வைத்து, கழுவி, 0 முதல் 8 கிரே (உறிஞ்சப்படும் கதிரின் அலகு) வரை கதிர் கொடுத்தேன். பிறகு செல்களைப் பிரித்து, எண்ணி, புதிய தட்டுகளில் விதைத்தேன். கதிரின் அளவு ஏற ஏற அதிகச் செல்களை விதைக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பன்னிரண்டு நாள் காத்திருந்து, கிரிஸ்டல் வயலட்டால் சாயமேற்றி, காலனிகளில், அதாவது ஒரு செல் பெருகி உண்டான கூட்டங்களில், ஐம்பது செல்லுக்குக் குறையாதவற்றை மட்டும் எண்ண வேண்டும். பக், மார்கஸ் என்னும் ஆய்வாளர்கள் 1956-இல் பாலூட்டிச் செல்களின் மீது எக்ஸ் கதிரின் விளைவை அளந்ததும் இப்படிக் காலனிகளை எண்ணித்தான். இன்றுவரை இதைவிட நேர்மையான அளவுகோல் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. செல் சாகாமல் இருந்தால் மட்டும் போதாது, அது பெருக வேண்டும்.

கதிரின் அளவுக்கு ஏற்பப் பிழைத்த செல்களின் பங்கைக் காட்டும் முதல் வரைபடத்தில் தங்கம் சேர்ந்த வளைகோடு கிடுகிடுவென இறங்கியிருந்தது. மகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே: "தங்கம் மட்டும் இட்டுக் கதிர் கொடுக்காத தட்டில் எத்தனை காலனி?" போய்ப் பார்த்தேன். அதிலேயே கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் நான் எல்லாவற்றையும் ஒன்றும் சேர்க்காத தட்டின் எண்ணிக்கையால் வகுத்திருந்தேன். துகள் தானாகச் செய்த கேட்டையும் கதிரின் கணக்கில் எழுதியிருந்தேன். அன்றிரவு உறங்க முடியவில்லை. இதை நம்பி அடுத்தவர் ஒருவர் வேலை தொடங்கியிருந்தால் என்ற எண்ணம் வாட்டியது.

மையவிலக்கியில் சுற்றி மிச்ச வேதிப்பொருள்களை நீக்கி, துகளின் செறிவைக் குறைத்து, மறுபடி தொடங்கினேன். மூன்று முறை செய்தேன். இப்போது தங்கம் சேர்ந்த, சேராத இரு கோடுகளுக்கும் இடைவெளி சிறியது. ஆனால் மூன்று முறையும் அது அங்கேயே இருந்தது. அடுத்து, சிகிச்சையில் பயன்படும் 6 மெகாவோல்ட் கதிரில் பார்க்கப் போகிறேன். அந்த ஆற்றலில் தங்கத்தின் உறிஞ்சும் சாதகம் பெரிதும் குறைந்துவிடும். அதற்கான தட்டுகளை நேற்று அடுக்கினேன். முதல் வரிசை முழுவதும் தங்கம் மட்டும் இட்டவை.