மாலுக்கு எதிர்ல ஒரு தீவு

ஸ்கூல் லீவு விட்டா எங்க மலேசியாவுல கே.எல்.ல (கோலாலம்பூர்ல) பாதிப் பேரு பினாங்குத் தீவுக்குத்தான் கிளம்புவாங்க, நாங்களும்தான், ஆனா இந்தத் தடவை அப்பா முதல்லயே ஒரு கண்டிஷன் போட்டுட்டாரு, பாலத்துல போகக்கூடாது ஃபெரிலதான் போகணும்னு. தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல வந்து இறங்கினவரு, அதனால நாமளும் தண்ணி வழியாத்தான் போகணுமாம். சரி, காரை வீட்டுலயே போட்டுட்டு கே.எல். சென்ட்ரல்ல இடிஎஸ் ரயில் ஏறி இக்கரைல இருக்கிற பட்டர்வொர்த், அங்கேர்ந்து ஃபெரி. பசங்களுக்கு ஒரே குஷி.

ரஜூலா 1926-ல கட்டின கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹம், சிங்கப்பூர்னு 1970கள் வரைக்கும் ஓடிட்டே இருந்துச்சு. இங்க எந்தத் தமிழ்க் குடும்பத்துல கேட்டாலும் அதுல வந்தவங்க ஒருத்தராவது இருப்பாங்க. தாத்தாவுக்கு டெக்லதான் இடம், ட்ரங்குப் பெட்டிய தலைக்கு வச்சுப் படுத்துட்டு வந்தாராம்.

பினாங்கோட தலைநகர் ஜார்ஜ்டவுன்ல அப்பா நேரா சூலியா ஸ்ட்ரீட் நாகூர் தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நம்ம நாகூர் ஆண்டவர் நினைவா 1800களோட ஆரம்பத்துல கட்டினது. கடல் தாண்டிப் போறவங்களுக்குக் காவல் அவருதான்னு நம்பிக்கை, தாத்தா கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி பாட்டி நாகூருக்குத்தான் நேந்துக்கிட்டாங்களாம், நாங்க மாரியம்மன் கும்பிடுற குடும்பம், ஆனாலும் அந்தப் பயத்துக்கு எந்தச் சாமியும் நம்ம சாமிதான். பக்கத்துலயே குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில், 1833-ல கட்டினது, அங்கயும் ஒரு அர்ச்சனை. அதுக்கப்புறம் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல சுவத்துல வரைஞ்ச சைக்கிள் ஓவியம், ஒரு போட்டோவுக்கு அவ்ளோ நேரம் வெயில்ல லைன்ல நிக்கணுமா, எனக்குப் புரியல.

ஆனா நான் சொல்ல வந்தது ஜெரெஜாக் பத்தி.

பாட்டி தாத்தா வந்த கதையச் சொல்லும்போது "கப்பல்லேர்ந்து நேரா தீவுக்குக் கொண்டுபோயிட்டாங்க"ன்னு ஒரு வரி வரும். அந்தத் தீவு பினாங்கு இல்ல, பினாங்குக்குக் கிழக்குப் பக்கம் இருக்கிற ஜெரெஜாக். காலரா, அம்மை ஊருக்குள்ள வந்துடும்னு டெக்ல வந்த கூலி ஜனங்கள அங்க இறக்கி குவாரன்டின்ல வைப்பாங்க. துணிமணியெல்லாம் வாங்கிட்டுப் போயி அவிச்சு, ஆளுங்கள மருந்துத் தண்ணில குளிக்க வச்சு, ஆடு கணக்கா எண்ணி வெளிய விட்டாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. அதே தீவுலதான் தொழுநோய் ஆஸ்பத்திரியும் இருந்துச்சு, அப்புறம் காசநோய் ஆஸ்பத்திரி, 1969-லேர்ந்து 1993 வரைக்கும் ஜெயில்.

இவ்ளோ நடந்த இடம், இப்ப குவீன்ஸ்பே மாலுக்கு எதிர்ல, கடலோரமா நின்னாலே தெரியுது, பச்சைப்பசேல்னு ஒரு காட்டு மேடு, அவ்ளோதான். நாங்க நின்ன பக்கம் ஜனங்க பபிள் டீயோட செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க, அங்க யாரு இருந்தாங்க என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஒரு போர்டு கூட என் கண்ணுல படல. ரப்பர் எஸ்டேட் பத்தி நம்மாளுங்க எவ்ளோவோ பேசுறோம், எழுதுறோம், இந்தத் தீவு பத்தி யாரும் வாயத் தொறக்குறதில்ல, ஏன்னு தெரியல, ஒருவேளை அந்த அவமானத்தச் சொல்லிக்க அவங்களுக்கே பிடிக்கலையோ என்னவோ.

ஜெயில்னு சொன்னதும் சின்னவன் கேட்டான், "பூட்டன் என்ன தப்பு பண்ணாரு?"ன்னு. அப்பா "ஏழையா வந்தாருய்யா"ன்னாரு. கேபின் டிக்கெட் எடுத்தவங்க நேரா ஊருக்குள்ள போயிட்டாங்கன்னு அத்தை சேர்த்துக்கிட்டாங்க, அவங்க பினாங்குல பாயான் லெப்பாஸ்லயே இருக்கிறவங்க, தினமும் அந்தத் தீவப் பாத்துட்டேதான் வேலைக்குப் போவாங்களாம்.

அப்புறம் நாசி கண்டார், அதாவது சோத்து மேல விதவிதமான கறிக்குழம்ப ஊத்தித் தர்ற பினாங்குச் சாப்பாடு, அதைப் பத்தி தனியா எழுதணும்னா பத்து பதிவு வேணும். கலப்புக் குழம்ப ஊத்தி ஊத்தி அப்பா சாப்பிட்ட வேகத்துல அத்தை சுகர் மாத்திரைய ஞாபகப்படுத்த வேண்டியதாப் போச்சு.

திரும்பி வரும்போது ட்ரெயின்லயே அடுத்த லீவுக்கு நாகப்பட்டினம்னு அப்பா ஆரம்பிச்சுட்டாரு. டிக்கெட் காசு யாரு போடுறதுன்னுதான் இன்னும் பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.