மார்கழியும் இழுப்பும்

மார்கழி பனி வந்தா எங்க வீட்டுல இழுப்பும் வந்துடும், அதுலயும் போகி அன்னிக்கு சென்னைல ஜன்னலையே தொறக்க மாட்டோம். பையனுக்கு ரெண்டு இன்ஹேலர், நீலக் கலர் இழுப்பு வந்தா மட்டும், இன்னொண்ணு ஸ்டீராய்டு, அது நல்லா இருக்கும்போதும் தினமும் போடணும், நெறைய பேரு இததான் நடுவுல நிறுத்திடறாங்க. ஸ்பேசர்ல (இன்ஹேலர மாட்டி மருந்த இழுக்கற பிளாஸ்டிக் குழாய்) ஒரு பஃப் அடிச்சு மெதுவா இழுத்து, பத்து எண்ணுற வரைக்கும் மூச்ச புடிக்கணும், ஸ்டீராய்டு போட்டப்புறம் வாய் கொப்பளிச்சு துப்பிடணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை படியும்.

நீலத்துக்கும் அடங்காம, பேசக்கூட முடியாம மூச்சு வாங்குனா கை வைத்தியம்லாம் பாக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்.

தலகாணி உறை, பெட்ஷீட்லாம் வாராவாரம் 60 டிகிரி வெந்நீர்ல தொவைக்கறேன், தூசிப்பூச்சி அந்த சூட்டுலதான் சாகும். கொசுவத்தி கட். வெள்ளிக்கிழமை சாம்பிராணிய நிறுத்துனதுல மாமியாருக்குதான் இன்னும் கோவம், வேணும்னா மொட்டமாடில போட்டுக்கோங்க அத்தைன்னு சொல்லிருக்கேன்.