மீன் தொட்டிக்கு ஆர்ஓ: ஒரு ரப்பர் வளையத்துக்காக மூன்று வாரம்

மடிப்பாக்கத்தில் எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,450. கப்பி, மோலி எல்லாம் அதைத் தாங்கிக்கொள்ளும். ரியோ நீக்ரோவின் மென்னீருக்குப் பிறந்த கார்டினல் டெட்ரா தாங்காது. 12 வாங்கி விட்டதில் ஒரே மாதத்தில் மிஞ்சியவை 3. அதன் பிறகுதான் தொட்டிக்கென்று தனியாக ஆர்ஓ வைத்தேன்.

பொருத்தும் வேலை ஒரே காலையில் முடிந்தது. உப்பைத் தடுக்கும் சவ்வுதான் மெம்பிரேன்; அது புதிதாக இருக்கும்போது முதலில் வரும் நீரைக் கொட்டிவிட வேண்டும்; ஒரு மணி நேரம் ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். 340! உப்பில் 95 சதவீதம் தடுக்கப்பட்டிருந்தால் 75-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பொருத்தியவரிடம் கேட்டால், "குடிப்பதற்கு இது நல்ல அளவுதான் சார்" என்கிறார். மீனுக்கு என்று எத்தனை முறை சொல்வது? மூல நீரைக் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலரும் வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கியிருந்தேன்.

மெம்பிரேன்தான் பழுது என்றார்கள். கொளத்தூர் வரை அலைந்து இன்னொன்று வாங்கி மாட்டினேன். 335. நனைந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

அன்று இரவு நானே மெம்பிரேன் உட்காரும் கூடான ஹவுசிங்கைத் திறந்தேன். மெம்பிரேனின் நுனிக்குழாயில் இருக்கும் இரண்டு ஓ ரிங்குகளில், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களில், ஒன்று மடிந்து, நகம் பட்டதுபோல் ஓரத்தில் கீறியிருந்தது. அது போய் உட்காரும் துளையின் விளிம்பை விரலால் தடவினேன். பிளாஸ்டிக் பிசிறு ஒன்று குத்தியது. இரண்டு மெம்பிரேன்களையும் கெடுத்தது அதுதான். அந்த இடுக்கு வழியாகத்தான் உப்பு நீர் சுத்த நீரில் கலந்திருக்கிறது. பிசிறைத் தேய்த்தெடுத்து, புது வளையம் போட்டு, கிளிசரின் தடவி, அடிவரை அழுத்திப் பொருத்தினேன். வாசலின் தடவிவிடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

மீட்டரில் 62. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

வெறும் ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றாதீர்கள். காரத்தன்மை இல்லாததால் பிஎச் சட்டென்று சரியும். ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்கிறேன், சுமார் 200 வருகிறது. அதையும் தினம் கொஞ்சமாகத்தான் மாற்றுகிறேன். ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவு நீரின் டிடிஎஸ் 1,900-ஐ நெருங்குகிறது. செடிக்கு ஆகாது, கழிப்பறைக்குப் போகிறது.

நேற்று மூன்று டெட்ராக்களும் இரைக்கு மேலே வந்தன.