கல்லு உருகாது மேடம்

நான் சொன்னதுல பொய் எதுவும் இல்ல, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா அந்தப் பொண்ணு கேட்டதுக்கு அதுதான் பதிலான்னு இன்னும் ஓடிட்டே இருக்கு.

எங்க நகைக்கடை எக்ஸ்சேஞ்ச் கவுன்டருக்கு நிச்சயதார்த்த மோதிரம் வர்றது புதுசில்ல. நாங்க காரணம் கேக்க மாட்டோம், கேரட் மீட்டர்ல வச்சு 18 கேரட்டான்னு பாப்போம், வைரக்கல்லு நேச்சுரலா லேப்ல செஞ்சதான்னு பாப்போம், ரேட் சொல்லுவோம், அவ்ளோதான். இவங்க ரேட்டைக் காதுலயே வாங்கல. "அண்ணா, இத உருக்கிடுவீங்கல்ல?"

"தங்கத்த மட்டும்தான் மேடம். கல்லு உருகாது, கழட்டிருவோம்."

"அப்புறம்?"

"சைஸு கலரு பாத்துப் பிரிச்சு வேற நகைல வைப்பாங்க."

"அதுவும் நிச்சய மோதிரமா இருக்கலாமாண்ணா?"

"இருக்கலாம் மேடம்."

மோதிரத்தை எடுத்து பர்ஸ்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. "ஆமான்னு தலையாட்டிருந்தா முடிஞ்சுதுப்பா, உன்ன யாரு பாடம் எடுக்கச் சொன்னா"ன்னார் மேனேஜர். பில் போன கடுப்புதான், இருந்தாலும் அதுலயும் ஒரு நியாயம் இருக்கோன்னு தோணுது. சூரத்துல பட்டை தீட்டி புதுசா வந்த பொடிக்கல்லும் பழைய மோதிரத்துல கழட்டினதும் ஒரே பாக்கெட்ல விழுந்துட்டா லென்ஸ் வச்சாலும் அநேகமா பிரிக்க முடியாது. வாங்க வர்றவங்க கரும்புள்ளி இருக்கான்னு பாக்குறாங்க, ராசியான்னு வீட்ல கொஞ்ச நாள் வச்சுப் பாக்குறாங்க, முன்னாடி யார் கைல இருந்துச்சுன்னு என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. விக்க வந்தவங்கதான் கேட்டாங்க.

வைரம் என்னிக்கும் நிலைக்கும்ங்கிற விளம்பர வரி டி பியர்ஸ்ங்கிற வைரக் கம்பெனிக்காக 1947ல பிரான்சஸ் ஜெரட்டி எழுதினது, அந்தம்மா கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல. வரியும் முழு உண்மை இல்ல. வைரம் வெறும் கார்பன், காத்து பட 800 டிகிரி பக்கம் சூடு போனா எரிஞ்சு ஒண்ணும் மிஞ்சாது, அதனாலதான் கல்லு பக்கத்துல தங்கத்த நெருப்பு காட்டி ஒட்டும்போது ஆசாரிங்க கல்லுல காத்து படாம போரிக் ஆசிட் பூசுறாங்க. நான் உருகாதுன்னு சொன்னேன், எரியும்னு சொல்லல. ஒருவேளை அவங்களுக்கு அதுதான் வேண்டியிருந்துச்சோ என்னவோ. அதுக்காக 30 சென்ட் (0.30 கேரட் எடை) கல்ல எரிச்சுக்கோங்கன்னு கவுன்டர்ல உக்காந்துட்டு சொல்ல முடியுமா?

புதுசா சேர்ற பசங்ககிட்ட கஸ்டமர் கேட்டா உள்ளதைச் சொல்லுங்கடான்னுதான் சொல்றேன். என்கிட்ட யாராவது கேட்டா மட்டும் "ஹெட் ஆபீஸ் போகும் மேடம்". அதுவும் பொய் இல்ல, அங்கதான் போகுது.